எவரை எங்கு நிறுத்துவது? – ஆட்டக்களம் உரைக்கும் வரலாறு

பதினொருவர் கொண்டது ஒரு கிரிக்கெட் அணி. அப்பதினொருவருக்கும் களத்தில் ஆளுக்கோர் இடம் உண்டு. எவர் எவ்விடத்தில் நிற்பது என்பதை அணித் தலைவர் தீர்மானிக்கின்றார். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது சிறு காரியமாகவே தோன்றும். ஆயின், ஆட்டங்களின் வரலாற்றைப் புரட்டுவோமாயின், பெரும் வெற்றிகளும் தோல்விகளும் இச்சிறு தீர்மானத்தையே பற்றி நின்றமை புலனாகும். அது மட்டுமன்று, ஒரு சமுதாயம் தன் மக்களை எந்த அளவுகோல் கொண்டு அளந்தது என்பதும் அதன்கண் வெளிப்படும்.

இன்ன செயலை இன்னாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆராய்ந்து தெளிவதைத் திருவள்ளுவர் மிகப் பெரிய கடமையாகக் கருதினார். பொருட்பாலில் 'தெரிந்துவினையாடல்' என்று ஓர் அதிகாரத்தையே இதற்கென ஒதுக்கியுள்ளார். அரசனுக்குக் கூறிய அறிவுரை அது. எனினும் அலுவலகத்திற்கும், குடும்பத்திற்கும், சங்கத்திற்கும், பிள்ளைகள் பந்தாடும் மைதானத்திற்கும் அது பொருந்தும்.

ஒருவருக்கு ஓரிடத்தை அளிக்கும்பொழுது உலகம் மூன்று அளவுகோல்களைக் கையாண்டு வந்துள்ளது. முதலாவது பிறப்பு, இரண்டாவது மூப்பு, மூன்றாவது தகுதி. இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மோதிக்கொண்ட வரலாற்றைக் காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. சயானில் இரயில் ஏறிச் சென்று அடையக்கூடிய மைதானங்களிலேயே அவ்வரலாறு நிகழ்ந்தது.

பிறப்பு என்னும் அளவுகோல்

பம்பாயில் கிரிக்கெட் ஆட்டத்தை முதன்முதல் பயின்ற இந்தியர் பார்சிகள். 1848-ஆம் ஆண்டிலேயே அவர்கள் ஒரு கழகம் கண்டனர். பின்னர் இந்துக்களும் முஸ்லிம்களும் தனித்தனிக் கழகங்கள் அமைத்தனர். ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என மத அடிப்படையில் அணிகள் பிரிந்து மோதிய பந்தயங்களைக் காண நகரமே திரண்டது. எவர் எந்த அணியில் ஆடலாம் என்பதைப் பிறப்பே முடிவு செய்த காலம் அது.

அக்காலத்தே தோன்றியவர் பல்வங்கர் பாலு. தாழ்த்தப்பட்ட வகுப்பில் 1876-ஆம் ஆண்டு பிறந்த அவர், புனாவில் ஐரோப்பியர் கழகத்தின் மைதானத்தைச் செப்பனிடும் பணியாளராக இருந்தார். பயிற்சி செய்யும் வெள்ளையர்க்குப் பந்து வீசுவதும் அவரது வேலையாயிற்று. இடக்கையால் அவர் வீசிய சுழற்பந்தின் நுணுக்கம் வளர்ந்தது. அவரின்றி ஐரோப்பியரை வெல்ல இயலாது என்பதை உணர்ந்த பின்னரே, இந்துக்கள் அவரைத் தம் அணியில் சேர்த்தனர். களத்தில் அவர் எறிந்த பந்தைத் தொட்டனர். ஆனால் தேநீர் வேளையில் அவருக்குக் களத்தின் வெளியே தனிக் குவளையில் தேநீர் தந்தனர். இதைவிடப் பெரிய முரண்பாடு வேறொன்று உண்டோ?

1906-ஆம் ஆண்டு இந்துக்கள் ஐரோப்பியரை வென்றனர். அவ்வெற்றியில் பாலுவின் பந்துவீச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. 1911-ஆம் ஆண்டு பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணியில் அவர் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். இத்தனை செய்தும் அணித் தலைமை என்னும் இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923-ஆம் ஆண்டில் அத்தலைமையைப் பெற்றபொழுதுதான் அந்தக் கதவு திறந்தது. அண்ணன் தட்டிய கதவு தம்பிக்குத் திறந்தது எனலாம். மத அடிப்படையிலான அப்பந்தயங்கள் நாடு விடுதலை பெறுவதற்கு முன்னரே, 1946-ஆம் ஆண்டில் முடிவுற்றன.

அஞ்சாத நெஞ்சத்திற்குரிய இடம்

இனி மூப்பு என்னும் அளவுகோலைக் காண்போம். கிரிக்கெட் களத்தில் 'பார்வர்டு ஷார்ட் லெக்' என்று ஓரிடம் உண்டு. பந்தடிப்பவருக்கு இரண்டு மூன்று கஜ தூரத்தில், அவருடைய கால் இருக்கும் பக்கமாக, முழங்காலை மடக்கிக் குனிந்து நிற்க வேண்டும். சுழற்பந்து மட்டையின் விளிம்பில் பட்டோ, மட்டையிலும் காலில் கட்டிய பேடிலும் பட்டோ எழும்புமாயின், அது தரையைத் தொடுமுன் பற்ற வேண்டும். பந்தடிப்பவர் ஓங்கி அடித்தாலோ, அந்தப் பந்து நிற்பவர் மீதே பாயும், விலகுவதற்கு நேரமில்லை.

இத்தகைய இடத்தில் நிற்க எவர் விரும்புவர்? எனவே பல அணிகளில் ஒரு வழக்கம் நிலைபெற்றது. அணிக்கு எவன் புதியவனோ, எவன் இளையவனோ, அவனை அங்கே தள்ளிவிடுவது என்பதே அவ்வழக்கம். மூத்தவர்கள் ஸ்லிப்பில் அமைதியாக நிற்பர். இளையவன் ஷார்ட் லெக்கில் அடி வாங்குவான். வீட்டில் கடைக்குட்டியைக் கடைக்கு அனுப்புவது போன்றது இது. ஆயின் கடைக்குச் செல்பவன் சில்லறையைத் தவறவிட்டால் நட்டம் சிறிது; ஷார்ட் லெக்கில் நிற்பவன் ஒரு காட்சைத் தவறவிட்டால் ஆட்டமே கைவிட்டுப் போகும்.

1960-களின் பிற்பகுதியில் இந்திய அணிக்கு இது உயிர்நிலையான வினாவாயிற்று. அன்று நம்மிடம் வேகப்பந்து வீச்சாளர் இலர் என்றே சொல்லலாம். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம் சென்னையைச் சேர்ந்த வெங்கடராகவன் ஆகிய நால்வரின் சுழற்பந்தே நமது படைக்கலம். சுழற்பந்து வீச்சாளர் ஸ்டம்பைப் பெயர்த்து எறிவது குறைவு. பந்தடிப்பவரை ஏமாற்றி, அருகில் நிற்பவர் கையில் பந்தைச் சேர்ப்பதே அவரது தொழில். அருகில் நிற்பவரின் கை தளருமாயின் நால்வரின் திறமையும் விழலுக்கு இறைத்த நீராகும். ஆகவே ஷார்ட் லெக்கில் எவரை நிறுத்துவது என்பது கடைசியில் தீர்மானிக்கும் காரியமாக இல்லாமல், முதலில் தீர்மானிக்க வேண்டிய காரியமாயிற்று.

குடிசையிலிருந்து வந்த விடை

அவ்வினாவிற்கு விடையாக வந்தவர் ஏக்நாத் சோல்கர். 1948-ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்தவர். மரீன் லைன்ஸிலுள்ள இந்து ஜிம்கானாவின் மைதானத்தைப் பேணும் பணியாளர் அவருடைய தந்தையார். மைதானத்தின் ஓரத்திலிருந்த சிறு குடிலிலேயே அக்குடும்பம் வாழ்ந்தது. ஆட்டம் நடக்கும் நாட்களில் ஓட்ட எண்ணிக்கைப் பலகையில் எண்களை மாற்றி மாட்டும் வேலையைச் சிறுவன் ஏக்நாத் செய்தான். எந்த இந்து அணி பாலுவுக்குத் தலைமையை மறுத்ததோ, அந்த இந்து ஜிம்கானாவின் மைதானப் பணியாளர் மகனே, பின்னாளில் இந்தியா முழுமைக்கும் காவலனாக நின்றான். வரலாறு சில கணக்குகளை இவ்வாறுதான் நேர் செய்கின்றது.

1969-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகச் சோல்கர் முதன்முதல் டெஸ்ட் ஆட்டம் ஆடினார். இடக்கையால் பந்தடித்தார், இடக்கையால் வேகமாகவும் சுழலாகவும் பந்து வீசினார், எந்த வரிசையில் இறங்கச் சொன்னாலும் இறங்கினார். ஆனால் அவரது பெயர் நிலைபெற்றது பார்வர்டு ஷார்ட் லெக்கில். புதியவர் என்பதற்காக அங்கே தள்ளப்பட்டவராக அவர் நிற்கவில்லை. அது தனக்கே உரிய இடம் என்று கொண்டு நின்றார். பந்து அடிக்கப்படும் கணத்தில் பெரும்பாலோர் தம்மையறியாமல் தலையைத் திருப்புவர். சோல்கர் திருப்பவில்லை. அவர் கண்கள் பந்தைவிட்டு அகலவில்லை. தலைக்கவசம் வழக்கத்திற்கு வராத நாட்கள் அவை என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அஜீத் வாடேகர் தலைமையில் இந்திய அணி இலண்டன் ஓவல் மைதானத்தில் ஆடியது. அதற்குமுன் இங்கிலாந்து மண்ணில் நாம் ஒரு டெஸ்ட் ஆட்டத்தையும் வென்றதில்லை. முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து 355 ஓட்டங்களும், இந்தியா 284 ஓட்டங்களும் எடுத்தன. நாம் 71 ஓட்டங்கள் பின்தங்கியிருந்தோம். இரண்டாம் இன்னிங்ஸில் சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்த, இங்கிலாந்து 101 ஓட்டங்களில் சுருண்டது. இச்செய்தியை அறியாதார் இலர். ஆனால் அந்த எண்களுக்குப் பின்னே நின்ற கைகளை எத்தனை பேர் நினைக்கின்றோம்?

சந்திரசேகரின் பந்தில் பிளெட்சர் ஓட்டமெதுவும் எடுக்காமல் சோல்கரிடம் காட்ச் கொடுத்தார். வெங்கடராகவனின் பந்தில், இங்கிலாந்தின் நம்பிக்கையாக விளங்கிய ஆலன் நாட், ஒரே ஓட்டத்தில் சோல்கர் கையில் சிக்கினார். முன்புறமாகப் பாய்ந்து, உடல் முழுவதும் தரையிற் கிடக்க, புல்லுக்குச் சற்றே மேலாக அப்பந்தை அவர் பற்றிய காட்சியைப் படம்பிடித்து வைத்துள்ளனர். இன்றும் அதனைக் கண்டு வியக்கலாம். நிலைத்து ஆடிய லக்ஹர்ஸ்டை, சந்திரசேகரின் பந்தில், ஸ்லிப்பில் நின்று பிடித்தவர் நம் வெங்கடராகவனே. பம்பாய்க்காரர் ஷார்ட் லெக்கிலும், சென்னைக்காரர் ஸ்லிப்பிலும், மைசூர்க்காரர் பந்துவீச்சிலுமாக நின்று பெற்ற வெற்றி அது. விநாயக சதுர்த்தியன்று அவ்வெற்றி கிட்டியது என்பது நம் நகரத்தார்க்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. நான்கு விக்கெட் வித்தியாசத்தில் ஆட்டமும், அதனுடன் தொடரும் நமதாயின.

அடுத்த ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து அணி இந்தியாவிற்கு வந்தபோது, ஐந்து டெஸ்டுகளில் சோல்கர் 12 காட்சுகள் பிடித்தார். மொத்தம் 27 டெஸ்டுகளில் 53 காட்சுகள். அதாவது ஆட்டத்திற்கு ஏறத்தாழ இரண்டு. விக்கெட் காப்பாளர் அல்லாத ஒருவருக்கு இது வியத்தகு கணக்கு. டெஸ்ட் ஆட்டங்களில் அவர் அடித்தது ஒரே ஒரு சதம். 1975-ஆம் ஆண்டு, புதிதாய் எழுந்த வான்கடே மைதானத்தின் முதல் டெஸ்டில் அது கிட்டியது. எனினும் சதமடித்தவராக அல்லாமல், குனிந்து நின்றவராகவே உலகம் அவரை நினைக்கின்றது. 2005-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

நம் நெஞ்சம் எப்பக்கம்?

பம்பாய்வாழ் தமிழர்க்குச் சோல்கரின் கதையில் இன்பமும் துன்பமும் கலந்த ஓர் அத்தியாயம் உண்டு. 1972-73-ஆம் ஆண்டு ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம் சென்னை சேப்பாக்கத்தில் நடைபெற்றது. ஒருபுறம் தமிழ்நாடு, மறுபுறம் பம்பாய். பிறந்த மண்ணை வாழ்த்துவதா, சோறிட்ட மண்ணை வாழ்த்துவதா?

பம்பாய் 151, 113 என்று எடுத்தது. சுழற்பந்துக்கு ஏற்ற அத்தரையில் தமிழ்நாடு 80, 61 என்று வீழ்ந்தது. பத்மாகர் சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டும், அடுத்ததில் 18 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டும் கொய்தார். இரண்டாம் இன்னிங்ஸின் எஞ்சிய 5 விக்கெட்டுகளும் சோல்கருக்கே. மூன்றாம் நாளின் முதற் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. தொடர்ச்சியாகப் பதினைந்தாம் முறை பம்பாய் கோப்பையை வென்றது. காலனித் தமிழர் தோற்றதற்கு வருந்துவதா, வென்றதற்கு மகிழ்வதா என்று அறியாது நின்றதில் வியப்பில்லை. இரண்டையும் ஒருசேரச் செய்வதே புலம்பெயர்ந்தோர் மரபு.

அமெரிக்காவில் எழுந்த அதே வினா

ஆளுக்கேற்ற இடமா, இடத்திற்கேற்ற ஆளா என்னும் இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பும் பேஸ்பால் ஆட்டத்திலும் இதே வழக்கு உண்டு. அவ்வாட்டத்தில் ஒன்பது பேர். உட்களத்தில் நிற்போர் நால்வர். மூன்று தளங்களுக்கும் ஒவ்வொருவர், இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு இடையே 'ஷார்ட்ஸ்டாப்' என்னும் ஒருவர். வலக்கையர் அடிக்கும் பந்துகள் பெரும்பாலும் அவர் பக்கமே பாயும். ஓடிப் பற்றி, உடனே முதல் தளத்திற்கு நெடுந்தூரம் எறிய வேண்டும். ஆகவே நால்வருள் மிகச் சிறந்தவரையே அங்கு நிறுத்துவர். நாம் இளையவனைத் தள்ளிய இடத்திற்கு நேரான இடத்தில், அவர்கள் வல்லவனை நிறுத்தினர் என்பது கருதத்தக்கது.

ஆயினும் அங்கும் வழக்கங்கள் கண்ணை மறைத்ததுண்டு. ஷார்ட்ஸ்டாப் என்பவர் சிறுத்த உடலினராக இருத்தல் வேண்டும் என்று நெடுங்காலம் எண்ணினர். 1982-ஆம் ஆண்டு பால்டிமோர் அணியின் மேலாளர் எர்ல் வீவர், மூன்றாந் தளத்தில் நின்ற கால் ரிப்கன் என்னும் ஆறடி நான்கங்குல உயர இளைஞரை ஷார்ட்ஸ்டாப்பிற்கு மாற்றினார். பலரும் ஐயுற்றனர். ரிப்கனோ பந்து எங்கு வரும் என்பதை முன்கூட்டியே கணித்து நிற்கும் அறிவினால், அந்த இடத்தின் இலக்கணத்தையே மாற்றி எழுதினார். 1998 வரை ஓர் ஆட்டமும் விடாது 2,632 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடிச் சாதனை படைத்தார். இதில் இன்னொரு செய்தியும் உண்டு. வயது ஏறியபின், 1997-ஆம் ஆண்டில், அவர் மீண்டும் மூன்றாந் தளத்திற்கே மாறினார். இடத்தைப் பெறுவது ஒரு பெருமை; உரிய காலத்தில் அதனை விட்டுக்கொடுப்பது மற்றொரு பெருமை.

2004-ஆம் ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் அணியில் இதற்கு நேர்மாறான சிக்கல் எழுந்தது. ஷார்ட்ஸ்டாப்பில் தடுப்பாற்றலுக்கான தங்கக் கையுறை விருதை முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் பெற்ற அலெக்ஸ் ராட்ரிகஸ் அந்த அணிக்கு வந்தார். ஆனால் அவ்விடத்தில் அணித் தலைவர் டெரக் ஜீட்டர் முன்னரே நின்றார். முடிவு யாது? தலைவர் நிலைத்தார்; விருது பெற்றவர் மூன்றாந் தளத்திற்குச் சென்றார். தகுதியைவிட உரிமை வென்றது என்று சிலர் குறை கூறினர். அணியின் ஒற்றுமை காக்கப்பட்டது என்று சிலர் நிறை கூறினர். இன்றும் தீராத வழக்கு அது.

சுவையான செய்தி ஒன்று. ஷார்ட்ஸ்டாப்பில் இடக்கையரை நிறுத்துவதில்லை. இடக்கையால் எறிபவர் முதல் தளத்திற்கு எறிய உடலைத் திருப்ப வேண்டும். அதற்குள் ஓடுபவர் தளத்தைத் தொட்டுவிடுவார். ஆகவே இடக்கையால் எறியும் சோல்கர் போன்ற ஒருவர் அமெரிக்காவில் பிறந்திருப்பாராயின், எத்துணை வல்லவராயினும் அவ்விடம் அவருக்குக் கிட்டியிராது. ஷார்ட் லெக்கில் எறிதல் முதன்மையன்று, பற்றுதலே முதன்மை. அங்கே இடக்கை ஒரு குறையன்று. இதனின்று நாம் அறிவது யாது? தகுதி என்பது ஒருவரிடம் மட்டும் இருக்கும் பொருளன்று. அவருக்கும் அவர் நிற்கும் இடத்திற்கும் உள்ள பொருத்தமே தகுதி. ஓரிடத்தில் குறையெனப் படுவது மற்றோரிடத்தில் குறையாகாமற் போகலாம்.

காவாது நிறுத்துதல் அறமன்று

இவ்வரலாற்றில் கண்ணீர்ப் பக்கம் ஒன்றும் உண்டு. 1998-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் டாக்காவில் நடந்த கழக ஆட்டமொன்றில், இந்தியாவிற்காக ஆடிய ராமன் லாம்பா தலைக்கவசமின்றிப் பார்வர்டு ஷார்ட் லெக்கில் நின்றார். ஓவர் முடிய இன்னும் சில பந்துகளே இருந்தன. ஓங்கி அடிக்கப்பட்ட பந்து அவர் தலையைத் தாக்கிற்று. தாமே நடந்து களத்தைவிட்டு அகன்ற அவர், மூன்று நாட்களுக்குள் உயிர் துறந்தார். தலைக்கவசம் வழக்கத்திற்கு வந்து ஏறத்தாழ இருபதாண்டுகள் கழிந்த பின்னர் நேர்ந்த இழப்பு இது. ஒருவரை ஆபத்தான இடத்தில் நிறுத்தும் அதிகாரம் உடையவர்க்கு, அவரைக் காக்கும் கடமையும் உண்டு. அவர் துணிந்தவர் என்பது நம் கடமையைக் குறைத்துவிடாது.

இரயில்வே ஊழியராகிய நாம் இதனை நன்கறிவோம். வண்டியை ஓட்டுபவர் பெயர் ஊருக்குத் தெரியும். மழையில் நின்று தண்டவாளத்தின் தடம் மாற்றும் பாயிண்ட்ஸ்மேன் பெயர் எவருக்கும் தெரியாது. அவர் கை ஒருமுறை பிசகினால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்த்தால், எந்த இடமும் கீழான இடமன்று என்பது விளங்கும்.

நாம் கொள்ள வேண்டியது

ஞாயிறுதோறும் நம் காலனிப் பிள்ளைகள் மட்டையும் பந்துமாகக் கிளம்புகின்றனர். மட்டைக்குச் சொந்தக்காரன் முதலில் அடிப்பான்; பெரியவன் பந்து வீசுவான்; சிறியவன் சாக்கடை ஓரத்தில் நின்று பந்து பொறுக்குவான். பிள்ளைகள் இதனை எங்கிருந்து கற்றனர்? நம்மிடமிருந்தே கற்றனர். சங்கத்தில் எவர் மேடையில் அமர்வது, எவர் பந்தியில் பரிமாறுவது என்பதை நாம் எந்த அளவுகோல் கொண்டு முடிவு செய்கிறோம்? ஊரையும் குலத்தையும் சம்பளத்தையும் கேட்டா, அல்லது வேலையையும் வேலை செய்பவரின் திறத்தையும் கண்டா? வீட்டில் அண்ணனுக்குப் படிப்பு, தங்கைக்கு அடுப்பு என்று பந்து வீசுமுன்பே களத்தை வகுத்துவிடுகிறோமே, அது பாலுவுக்குத் தனிக் குவளையில் தேநீர் தந்ததினும் எவ்வகையில் மேலானது?

ஆட்டக்கள வரலாறு நமக்கு உரைப்பன நான்கு. முதலில் இடத்தின் தன்மையை ஆராய்க. பின்னரே ஆளைத் தேடுக. பிறப்பையும் மூப்பையும் ஒதுக்கிப் பொருத்தத்தைக் காண்க. கடினமான இடத்தில் நிற்பவர்க்குப் பாதுகாப்பை அளிக்க. வெற்றி கிட்டியபின் அவர் பெயரையும் சேர்த்து உரைக்க. இந்நான்கனுள் நாம் பெரிதும் மறப்பது கடைசியையே. ஓவல் வெற்றியைச் சந்திரசேகரின் வெற்றி என்கிறோம், அது பிழையன்று. ஆனால் பந்தை வீசிய கை ஒன்று, பற்றிய கை மற்றொன்று. இரண்டும் சேர்ந்ததே அணி.

ஒரு சங்கமும் அத்தகையதே. மேடையில் நின்று பேசுவோர் சிலர். சந்தா வசூலிக்கப் படியேறி இறங்குவோர் சிலர். விழா முடிந்த பின் நாற்காலி மடிப்போர் சிலர். குனிந்து நிற்பவரை நிமிர்ந்து நிற்பவர் மதிக்கும் சங்கமே நெடுநாள் வாழும். அத்தகைய சங்கமாக நம் சங்கம் மேன்மேலும் ஓங்குக!

வாழ்க தமிழ்! வளர்க நம் ஒற்றுமை!